ஓவியம் கிடைக்காத சாலை

ஸ்பெயினின் தெற்குக் கரையில் இருக்கிற மலாகாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடாத சமாசாரம் ஒன்று உண்டு. பிளாசா தெ லா மெர்செத் என்ற சதுக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் வெண்கலத்தில் பிக்காஸோ உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இடம் காலி. அங்கே உட்கார்ந்து, அவர் தோளில் கை போட்டு, ஒரு போட்டோ. முடிந்தது. மலாகாவுக்குப் போய்விட்டு வந்ததற்கு அத்தாட்சி.

அதே சதுக்கத்தின் மூலையில்தான் அவர் பிறந்த வீடு. 1881 அக்டோபர் 25. அப்பா ஹோஸே ரூயிஸ் பிளாஸ்கோ ஓவிய வாத்தியார், புறா வரைவதில் கெட்டிக்காரர். 1891-ல், பையனுக்குப் பத்து வயசானபோது, வேறு வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வடமேற்கு மூலையில் உள்ள லா கொருஞ்ஞாவுக்குப் போய்விட்டார். அப்புறம் பிக்காஸோ லீவுக்கு வந்து போனதுதான். கடைசியாக வந்தது 1901 தொடக்கத்தில். 1973-ல் பிரான்ஸில் இறக்கும் வரை மலாகா மண்ணை மிதிக்கவில்லை. 91 வருஷ வாழ்க்கையில் முழுசாகப் பத்து வருஷம்தான் இந்த ஊருக்கு. அதை வைத்துக்கொண்டு மலாகா நடத்துகிற வியாபாரத்தைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது.

வியாபாரம் என்று சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த வீட்டைப் பாதுகாப்பது நல்ல காரியம். பழைய புவனவிஸ்தா மாளிகையில் 2003-ல் திறந்த பிக்காஸோ மியூசியம் அதைவிட நல்ல காரியம். 1953-லேயே இதற்குப் பேச்சு தொடங்கியது. ஆனால், ஃபிராங்கோவின் ஆட்சிக்கும் பிக்காஸோவுக்கும் ஆகாது. அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் வேறு. ஐம்பது வருஷம் தள்ளிப்போய், கடைசியில் மருமகள் கிறிஸ்டினும் பேரன் பெர்னாரும் தங்களிடம் இருந்த படங்களைக் கொடுத்ததால் மியூசியம் வந்தது.

உள்ளே போனால் அவருடைய புகழ்பெற்ற பெரிய படங்கள் இருக்காது. அவை நியூயார்க்கிலும் பாரிஸிலும் மாட்ரிட்டிலும் இருக்கின்றன. இங்கே இருப்பது வீட்டு ஆல்பம் மாதிரி. குடும்பத்தார் விற்காமல் வைத்துக்கொண்டவை. 1917-ல் வரைந்த ஓல்கா, தலையில் மான்டில்லா என்கிற ஸ்பானியத் துணி போட்டுக்கொண்டு. மகன் பாவ்லோ, வெள்ளைத் தொப்பியோடு. உலகத்தையே கோணல்மாணலாக வெட்டிப் போட்ட மனுஷன், பெண்டாட்டி பிள்ளை என்று வரும்போது எவ்வளவு நிதானமாக, மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கை வைத்து வரைந்திருக்கிறார் என்று புரியும். பாதாளத்துக்கு இறங்கினால் இன்னொரு ஆச்சரியம். ஃபினீஷியர்கள் கட்டிய மதில். கிறிஸ்துவுக்கு ஆறேழு நூற்றாண்டு முந்தியது. ஊரின் பெயரே அவர்கள் வைத்த ‘மலாக்கா’தான்.

மியூசியத்தைவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் அல்கஸாபா. 11-ம் நூற்றாண்டு முஸ்லிம் அரசர்களின் கோட்டை அரண்மனை. அதன் காலடியில் ரோமானியர்களின் அரைவட்ட நாடக அரங்கம். இந்த அரங்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் படிக்கட்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. 1951-ல் அங்கே வேலை நடந்தபோது வெளியே தெரிந்தன. ஆனால், அதற்குள் அந்த இடத்தில் கலாசார மாளிகை ஒன்றைக் கட்டியாகிவிட்டது. அரங்கத்தின் ஒரு பகுதிமேல் கலாசாரம் உட்கார்ந்திருந்தது. 1995-ல் அந்த மாளிகையை இடித்தார்கள். 2011-ல் அரங்கத்தைத் திறந்தார்கள். இன்றைக்கு மாலையில் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

ஆக, தன்மேல் கட்டியதை இடித்து, கீழே இருப்பதைக் காட்டவும் இந்த ஊருக்குத் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மறுபடி அந்தச் சதுக்கத்துக்கு வருவோம். பிக்காஸோவோடு போட்டோ எடுப்பவர்கள் முதுகு காட்டி நிற்கிற நடுமையத்தில் ஓர் உயரமான கல்தூண் இருக்கிறது. அதன் கீழே கல்லறை. ஜெனரல் தோர்ரிஹோஸும் அவருடைய தோழர்களும். ஏழாம் ஃபெர்டினாண்டின் சர்வாதிகாரத்தை எதிர்த்துக் கரையிறங்கியவர்களைத் துரோகத்தால் பிடித்து, 1831 டிசம்பர் 11 அன்று மலாகா கடற்கரையில், விசாரணை எதுவும் இல்லாமல், வரிசையாக நிற்கவைத்துச் சுட்டார்கள். சுமார் ஐம்பது பேர்.

இது ஸ்பெயின் முழுக்கத் தெரிந்த சம்பவம். எப்படித் தெரியும்? ஓவியத்தால். அன்தோனியோ ஹிஸ்பெர்ட் என்பவர் 1888-ல் அதைப் பெரிய படமாக வரைந்தார். லிபரல் அரசாங்கமே சொல்லி வரையவைத்தது. சாம்பல் நிறக் கடற்கரை, கைகள் கட்டப்பட்ட மனிதர்கள், முன்னால் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் உடல்கள், நடுவில் இரண்டு பக்கமும் தோழர்களின் கையைப் பிடித்தபடி தோர்ரிஹோஸ். படம் மாட்ரிட்டில் பிராதோ மியூசியத்தில் இருக்கிறது. மலாகாவுக்கே வராதவனுக்கும் அந்தக் கடற்கரை தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே மலாகாவில், அதே கடலோரத்தில், 1937 பிப்ரவரியில் நடந்தது ஏன் அந்த அளவுக்குத் தெரியவில்லை?

நடந்தது இதுதான். உள்நாட்டுப் போர் ஆரம்பித்து ஏழு மாதம். மலாகா குடியரசு அரசாங்கத்தின் கையில் இருந்தது. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஃபிராங்கோவின் படைகள். கூடவே முஸோலினி அனுப்பிய இத்தாலிய மோட்டார் படை. பிப்ரவரி 8-ம் தேதி ஊர் விழுந்தது. விழுவதற்கு முன்னாலேயே ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். தப்பிக்க ஒரே ஒரு வழி, கிழக்கே அல்மேரியா போகும் கடலோரச் சாலை. சுமார் 200 கிலோமீட்டர். இடது பக்கம் மலை, வலது பக்கம் கடல். நடுவில் கழுதை, தள்ளுவண்டி, மெத்தை, கிழவிகள், கைக்குழந்தைகள். லட்சம் பேர் இருக்கும் என்பது ஒரு கணக்கு. அதற்கு மேல் சொல்பவர்களும் உண்டு.

கடலிலிருந்து போர்க்கப்பல்கள் சுட்டன. ‘கனாரியாஸ்’, ‘பலியாரெஸ்’, ‘அல்மிராந்தே செர்வேரா’ என்று அவற்றுக்குப் பெயர். மேலே விமானங்கள் தாழப் பறந்தன. ஒளிய இடம் கிடையாது. இறந்தவர்கள் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை என்று பல ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சரியான எண்ணிக்கை சாத்தியமில்லை. சாலையோரத்தில் புதைத்துவிட்டு நடந்தவர்கள் யாரிடம் போய்க் கணக்குக் கொடுப்பார்கள்? அல்மேரியா போய்ச் சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. அகதிகள் நிறைந்திருந்த அந்த ஊர்மேலும் குண்டு விழுந்தது. ஸ்பானியர்கள் இதை ‘லா தெஸ்பந்தா’ என்கிறார்கள். சிதறி ஓடுதல்.

இனி, பிக்காஸோ. அந்தப் பிப்ரவரியில் அவர் பாரிஸில் இருந்தார். கையில் ஒரு வேலை இருந்தது. அந்த வருஷம் பாரிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்கு ஒரு பிரம்மாண்டமான படம் வரைந்து தரச் சொல்லி ஜனவரியிலேயே கேட்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டாரே தவிர என்ன வரைவது என்று பிடிபடவில்லை. ஏப்ரல் நடுவில்கூட, ஓவியன், மாடல், ஸ்டுடியோ என்று ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26 அன்று ஜெர்மன் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் வடக்கே கெர்னிக்கா என்ற பாஸ்க் ஊரைக் குண்டு வீசி எரித்தன. மே 1-ம் தேதி பிக்காஸோ முதல் கோடு போட்டார். ஜூன் தொடக்கத்தில் படம் தயார். உயரம் மூன்றரை மீட்டர், அகலம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபதாம் நூற்றாண்டில் போருக்கு எதிராக வரைந்த படம் ஒன்று சொல் என்றால் உலகமே அதைத்தான் சொல்லும்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜனவரியில் வேலை வருகிறது. பிப்ரவரியில் பிறந்த ஊர் விழுந்து, ஊர்க்காரர்கள் சாலையில் சாகிறார்கள். மார்ச், ஏப்ரல் என்று சப்ஜெக்ட் கிடைக்காமல் தவிக்கிறார். பிறகு, அவர் பிறக்காத வேறோர் ஊரை வரைகிறார்.

‘அதுக்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்தறதா? என்ன வரையணும்னு கலைஞனுக்கு நாம யாரு சொல்ல?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். நான் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. கெர்னிக்காவையும் மலாகாவையும் தராசில் வைத்து எங்கே அதிகப் பிணம் என்று போட்டி நடத்தவும் இல்லை. என் கேள்வி வேறு. ஒரு துக்கம் ஓவியம் ஆவதும் இன்னொன்று ஆகாமல் போவதும் எதனால்?

முதல் காரணம், சொல்ல ஆள் இருந்தது. கெர்னிக்கா எரிந்த அன்று ராத்திரியே ஜார்ஜ் ஸ்டீர் என்ற நிருபர் அங்கே போனார். ஏப்ரல் 28 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையிலும் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையிலும் அவர் எழுதியது வந்தது. பாரிஸ் பத்திரிகைகளிலும் செய்தி, படங்கள். பிக்காஸோவின் காலை காபியோடு கெர்னிக்கா வந்து சேர்ந்தது.

மலாகாவில்? ஊர் விழும்போது வெளியேறாமல் தங்கிய பிரபலமான ஒரே பத்திரிகைக்காரர் ஆர்தர் கெஸ்லர். லண்டன் விலங்கியல் கழகத்தின் செயலாளராக இருந்து ரிட்டயரான சால்மர்ஸ் மிட்செல் என்ற பிரிட்டிஷ்காரர் மலாகாவில் குடியிருந்தார். அவர் வீட்டில் இருந்தபோது பிப்ரவரி 9 அன்று கெஸ்லரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செவில்லா சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்து, மே மாதம் கைதிகள் பரிமாற்றத்தில் தப்பினார். கெர்னிக்காவின் சாட்சிக்குக் கிடைத்தது தந்தி ஆபீஸ். மலாகாவின் சாட்சிக்குக் கிடைத்தது ஜெயில்.

சாலையில் இன்னொரு சாட்சி இருந்தார். நார்மன் பெத்யூன். கனடா டாக்டர். பின்னால் சீனாவுக்குப் போய் 1939-ல் அங்கேயே இறந்து, மாவோ கட்டுரை எழுதிய அதே பெத்யூன்தான். மாட்ரிட்டில் ரத்த வங்கி நடத்திக்கொண்டிருந்தவர் ரத்தம் ஏற்றிய வண்டியோடு அல்மேரியாவிலிருந்து மலாகா பக்கம் வந்தார். எதிரே ஜனக் கூட்டம். ரத்தக் குப்பிகளுக்கு வேலை இல்லை என்று தெரிந்தது. வண்டியைக் காலி செய்து, குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக அல்மேரியாவுக்கும் சாலைக்கும் நடையாய் நடந்தார். எந்தக் குழந்தையை ஏற்றுவது, எந்தத் தாயை விட்டுவிட்டுப் போவது என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கூட வந்த ஹேஸன் ஸைஸ் போட்டோ எடுத்தார். பெத்யூன் எழுதியதும் அந்தப் படங்களும் அதே வருஷம் சின்னப் புத்தகமாக வந்தன. இன்றைக்கு அந்தச் சாலையின் முகங்களை நாம் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் அந்தச் சில பக்கங்கள்தான்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. கெர்னிக்காவைப் பற்றிப் பேசும்போது குடியரசுக்குக் கூச்சம் இல்லை. எதிரி வந்தான், எரித்தான், போனான். மலாகா அப்படி இல்லை. ஊரைப் பாதுகாக்க ஏற்பாடு இல்லை. துப்பாக்கிக்குத் தோட்டா இல்லை. ராணுவத் தளபதி ஜனங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டார். மலாகா எப்படி விழுந்தது என்பதே குடியரசு அரசாங்கத்துக்குள் பெரிய சண்டையாகி, போர்த்துறையில் தலைகள் உருண்டன. கொன்றவன் ஒருத்தன், கைவிட்டவன் இன்னொருத்தன். இரண்டு பேருக்குமே பேச விருப்பம் இல்லாத சாவுக்கு யார் ஓவியம் வரைவார்கள்? போஸ்டருக்குச் சுத்தமான துக்கம் வேண்டும். மலாகாவின் துக்கம் அத்தனை சுத்தமாக இல்லை.

மூன்றாவது காரணம், ஜெயித்தவர்கள். சாலையில் போகாமல் ஊரிலேயே தங்கியவர்களுக்கு ராணுவ நீதிமன்றம் காத்திருந்தது. அங்கே அரசு வழக்கறிஞராக இருந்தவர்களில் ஒருவர் கார்லோஸ் அரியாஸ் நவார்ரோ. ‘மலாகாவின் கசாப்புக்காரர்’ என்று பெயர் வாங்கியவர். 1975 நவம்பர் 20 அன்று, ஃபிராங்கோ இறந்துவிட்டார் என்று டெலிவிஷனில் தழுதழுத்த குரலில் அறிவித்த பிரதம மந்திரி அதே ஆள். யோசித்துப் பாருங்கள். 1937-ல் மரண தண்டனை கேட்டவர் 1975-ல் நாட்டின் பிரதமர். இடையில் 38 வருஷம். மலாகாவில் எந்த அம்மா வாயைத் திறந்து ‘எம்புள்ளைய அந்த ரோட்டுல விட்டேன்’ என்று சொல்லியிருப்பாள்?

ஊர் எதுவுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். சான் ரஃபேல் கல்லறையில் 2006-லிருந்து 2009 வரை தோண்டி, சுட்டுப் புதைக்கப்பட்ட 2,800-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை எடுத்தார்கள். 2014-ல் அங்கே வெள்ளைப் பிரமிடு வடிவில் நினைவிடம் எழுந்தது. ஊரின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி, ‘கனடாக்காரர்கள் நடைபாதை’ என்று ஒரு வழி. பெத்யூனின் ஞாபகமாக 2006-ல் வைத்த பெயர். வருஷா வருஷம் பிப்ரவரியில் அந்தச் சாலை வழியாக அல்மேரியா வரை நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் பெரிய விஷயங்கள். குறிப்பாக, அம்மா அப்பா எலும்புக்காக எண்பது வயசில் குழி ஓரத்தில் காத்து நின்றவர்களுக்கு.

ஆனால், ஊர் தன்னை உலகத்துக்குக் காட்டும்போது எதை முன்னால் வைக்கிறது? அங்கேதான் என் புகார். 2011-ல் கார்மன் தீஸன் மியூசியம். 2015-ல் துறைமுகத்தில் கலர் கலர் கண்ணாடிக் கட்டடத்தில் பாரிஸ் போம்பிதூவின் கிளை. அதே வருஷம் பழைய புகையிலைத் தொழிற்சாலையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய மியூசியத்தின் கிளை. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் கடனாக வந்த படங்கள் பெட்டி கட்டிப் புறப்பட்டன. வாடகைக்கு எடுத்த பெருமைக்கு இதுதான் கதி. சொந்தக்காரன் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

மலாகாவை நான் குறை சொல்வது மியூசியம் கட்டியதற்காக அல்ல. கலைக்காகக் காசு செலவழிக்கிற ஊரைத் திட்டினால் நாக்கு அழுகிவிடும். குறை, கலை என்றால் வெளியிலிருந்து வரவழைக்கிற சரக்கு என்று நினைத்ததில். ஊரை அழகான அட்டைப் பெட்டியாகவும் வருகிறவர்களை வாடிக்கையாளர்களாகவும் மட்டும் பார்த்ததில். அதன் விலையை இப்போது உள்ளூர்க்காரர்கள் கொடுக்கிறார்கள். பழைய ஊரில் வீடுகள் டூரிஸ்டுகளின் வாடகை அறைகளாக மாறிவிட்டன. வேலை பார்க்கிறவனுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. 2024 ஜூன் 29 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். மலாகா வாழ்வதற்கு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுவதற்கு அல்ல என்பது அவர்கள் கோஷம். 1937-ல் குண்டுக்குப் பயந்து ஓடிய ஊர். அதை இதோடு ஒப்பிட மாட்டேன், அது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால், ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் அதே கேள்விதான்.

பிக்காஸோவுக்கே இது ஒருவகையில் அநியாயம். பெஞ்சில் உட்காரவைத்து, தோளில் கை போட இடம் கொடுத்து, அவரைச் சாதுவான தாத்தா ஆக்கிவிட்டார்கள். கெர்னிக்காவை வரைந்த ஆள் சாது இல்லை. தான் வாழும் வரை ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்கு அந்தப் படம் போகக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர். 1981-ல்தான் அது ஸ்பெயினுக்கு வந்தது. அதுவும் மாட்ரிட்டுக்கு. மலாகா கடற்கரையில் சுடப்பட்ட தோர்ரிஹோஸின் படமும் மாட்ரிட்டில்தான். இரண்டு மியூசியங்களுக்கும் நடந்தே போகலாம். மூன்றாவது படம் எங்கும் இல்லை. அது இந்தச் சாலையாகவே கிடக்கிறது.

அதனால் மலாகா போகிறவர்களுக்கு ஒரு சிபாரிசு. பெஞ்சில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. மியூசியத்தில் ஓல்காவைப் பாருங்கள். அல்கஸாபாவின் தோட்டத்தில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு ஒரு மத்தியானத்தை மிச்சம் வைத்து, பஸ் பிடித்துக் கிழக்கே போங்கள். பெத்ரெகலேஹோ, எல் பாலோ என்று மீனவர் பகுதிகள் வரும். மணல் நிரப்பிய பழைய படகில் விறகுத் தணல் போட்டு, மத்தி மீனை மூங்கில் மாதிரியான குச்சியில் கோத்துச் சுட்டுத் தருவார்கள். ‘எஸ்பேதோ’ என்று பெயர். உப்பைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. நன்றாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு, அல்மேரியா பக்கம் பார்த்து, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். வெயில், மலை, கடல். ஒதுங்க இடம் இல்லை என்பது கால்களுக்குத் தெரியும்.

ஒரு நாடக அரங்கத்தைக் காட்டுவதற்காகத் தான் கட்டிய மாளிகையையே இடிக்கத் தெரிந்த ஊர் இது. இரண்டாயிரம் வருஷத்துக் கல்லுக்குக் காட்டிய அதே மரியாதையைத் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர்களுக்கும் காட்டலாம். அதற்கு மேதை யாரும் பிறந்து வர வேண்டியதில்லை. போட்டோ எடுக்க வருகிற கூட்டத்துக்குக் கிழக்குத் திசையைக் கொஞ்சம் கைகாட்டினால் போதும்.